மாலத்தீவு ரிசார்ட்டில் நான்கு இரவுகள்: மெஸ் நடத்தியவளின் மதிப்புரை

இலை போடுவதற்கு முன் தண்ணீர் வைத்துவிட வேண்டும். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மீன் சாப்பாட்டு மெஸ் நடத்தினேன். வேலைக்குச் சேர்ந்த எந்தப் பிள்ளைக்கும் முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்தது அதுதான். வெயிலில் வந்து உட்காருகிறவர் குழம்பு ஐந்து நிமிடம் தாமதமானால் பொறுத்துக்கொள்வார். தண்ணீருக்குக் காக்க வைத்தால் பொறுக்கமாட்டார். மாலத்தீவு ரிசார்ட்டில் முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த ரசீதில் தண்ணீர் பாட்டிலுக்கு 9 டாலர் என்று பார்த்ததும் எனக்கு உடம்பே சுட்டது அதனால்தான்.

அது எங்கிருந்தோ கப்பலில் வந்த தண்ணீர் அல்ல. அந்தத் தீவிலேயே கடல்நீரை நன்னீராக்கி, அங்கேயே கண்ணாடி பாட்டிலில் அடைக்கிறார்கள். எங்கள் அறையில் அதே பாட்டில் நான்கு இருந்தன, காசு கிடையாது. நூறு அடி நடந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் அதற்கு 9 டாலர். சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்தால் பதினொன்றரை டாலருக்கு மேல். மறுநாள் காலை உணவக மேலாளரிடம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. ரசீதை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, அன்றிலிருந்து எங்கள் மேசையில் உட்காருவதற்கு முன்பே தண்ணீர் இருக்கும்படி செய்தார். எல்லா மேசைக்கும் அப்படிச் செய்யுங்கள் என்றேன். அது தன் கையில் இல்லை என்றார். உண்மையாகத்தான் சொன்னார் என்று தோன்றியது.

ரிசார்ட்டின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், அங்கே பரிமாறிய பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அதனால் ஒரு சொல் வந்துவிடக்கூடாது. அவர்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல வேண்டியதைப் புறப்படும்போது அங்கேயே ஒரு தாளில் பெயரோடு எழுதிக்கொடுத்துவிட்டேன். 

2025 செப்டம்பர் கடைசியில், பேத்தியின் காலாண்டு விடுமுறையில், நான், மகள், ஒன்பது வயதுப் பேத்தி என மூவர் போனோம். பா அட்டோல் என்கிற பவளத்தீவுக் கூட்டத்தில் இருக்கும் ஒரு தீவு. மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் வழக்கம். 1972-ல் முதல் ரிசார்ட் தொடங்கியதிலிருந்து அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. வெளியே போய் வேறு கடையில் சாப்பிட வழியில்லை. சாப்பாடு நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் வைத்ததுதான். அதனால் அங்கே சமைக்கிறவர்களுக்கும் பரிமாறுகிறவர்களுக்கும் ஊர்க் கடையைவிடப் பொறுப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

எனக்கு அந்த நாட்டோடு ஒரு பழைய உறவு உண்டு. என் மாமனார் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்திப் போகிறவராக இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து அந்த நாட்டுத் தலைநகரான மாலேவுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்கறி, கட்டடத்துக்கான கல், மணல் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது வீட்டுக்கு மாசி வரும். கட்டைபோல் காய்ந்த சூரை மீன். தட்டித் தூளாக்கிச் சம்பலில் போட்டால் தெருவே மணக்கும். அவர்கள் மீனை ‘மாஸ்’ என்கிறார்கள், நாங்கள் அந்தக் கருவாட்டை ‘மாசி’ என்கிறோம். படகை அவர்களும் ‘தோனி’ என்றுதான் சொல்கிறார்கள். சிறுவயது மருமகளாக இருந்தபோது கேட்ட பெயர்களை அறுபத்து நான்கு வயதில் நேரில் கேட்கப் போகிறேன் என்ற ஆசையோடுதான் கிளம்பினேன்.

திருவனந்தபுரத்திலிருந்து மாலேவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதன் பிறகு கடல் விமானம். இருட்டிவிட்டால் அது பறக்காது. மதியம் கடந்து மாலேயில் இறங்குகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு இரவு மாலேயில் தங்கும் செலவு தலையில் விழும். எந்த நேரத்துக்கு விமானம் என்று முந்தின நாள் மாலைதான் சொல்கிறார்கள். நாங்கள் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். விமானிகள் வெறுங்காலோடு வந்து ஏறியதைப் பார்த்துப் பேத்திக்கு ஒரே சந்தோஷம். சத்தம் காதைப் பிளந்தது. பஞ்சு தருகிறார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீருக்கு மேலே மரக்கால்களில் நின்ற வீடு. சுத்தமாக இருந்தது. படிக்கட்டில் இறங்கினால் கடல்.

இனி பரிமாறியவர்களைப் பற்றி.

முதன்மை உணவகத்தில் எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டவர் அந்த நாட்டுப் பையன், இருபத்து நான்கு வயது இருக்கும். அவர் சொந்த ஊர் அதே அட்டோலின் தலைநகரான எய்தஃபுஷி. முதல் காலை நான் குளிர்ந்த தண்ணீரை ஒதுக்கிவைத்ததைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. இரவு உட்கார்ந்தபோது என் பக்கம் மட்டும் மூடி போட்ட ஒரு சிறு குடுவையில் வெந்நீர் இருந்தது. நான் கையால் சாப்பிடுகிறேன் என்று கவனித்து, முடிக்கும் நேரம் பார்த்து எலுமிச்சைத் துண்டு போட்ட வெதுவெதுப்பான நீர்க் கிண்ணம் கொண்டுவந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இரண்டாம் நாள் எங்களைக் குளிர்சாதனக் காற்று படாத மூலைக்கு மாற்றினார். பேத்திக்கு மீனில் முள் என்றால் பயம். அவள் தட்டு வரும்போது முள் நீக்கி வரும். அதைப் பெரிதாகச் சொல்லிக்காட்டவும் இல்லை.

இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. எத்தனையோ பிள்ளைகளை வேலைக்கு எடுத்து அனுப்பியவள் என்பதால் சொல்கிறேன். வாளியைத் தூக்குவதைக் கற்றுக்கொடுக்கலாம், எந்தக் கையால் எதை வைப்பது என்று கற்றுக்கொடுக்கலாம். சாப்பிடுகிறவரின் முகத்தைப் பார்க்கிற கண் சிலருக்குத்தான் இருக்கும். அந்தப் பையனுக்கு இருந்தது. அறையைச் சுத்தம் செய்த வங்கதேசத்துக்காரர் அப்படித்தான். நான் காலையில் கட்டிலின் எந்தப் பக்கம் செருப்பை விடுகிறேன் என்று பார்த்து, மாலையில் அதே பக்கம் திருப்பி வைத்திருப்பார்.

ஆனால் சமையல் அந்த அளவுக்கு இல்லை.

இரவு பஃபே மிகப் பெரியது. நார்வே சால்மன், நியூசிலாந்து ஆட்டிறைச்சி, இத்தாலியப் பாஸ்தா, ஜப்பானியச் சுஷி. இந்தியர்களுக்கென்று ஒரு பகுதி. அங்கே மூன்று சட்டிகளில் மூன்று பெயர் எழுதியிருந்தது. கோழி, பனீர், காய்கறி. மூன்றிலும் ஒரே மசாலா. வெங்காயமும் தக்காளியும் முந்திரியும் அரைத்து ஒரு பெரிய பாத்திரத்தில் வைத்துக்கொண்டு எடுத்து ஊற்றுகிறார்கள். நாக்கில் வைத்தவுடன் தெரிந்துவிட்டது. சாம்பாரில் பெருங்காயம் இல்லை. காலை தோசை மட்டும் உண்மையான தோசை. மாவை அங்கேயே அரைக்கிறார்கள், தேங்காய்ச் சட்னி அன்றன்று உடைத்த தேங்காயில் செய்தது. தோசைக் கல்லில் நின்றவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். தமிழில் பேசியதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். “அம்மா, உளுந்தை இன்னும் கொஞ்சம் கூட்டினால் நல்லா வரும், ஆனால் அளவுத் தாளில் இருப்பதைத்தான் போட வேண்டும்” என்றார். 

சுற்றிலும் கடல். அந்த நாட்டு மீனவர்கள் சூரையை வலை போட்டு அள்ளுவதில்லை. தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். மீன் நசுங்காது, சதை கலங்காது. தூத்துக்குடியில் மீன் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்த மீன் அங்கே எப்படி வந்தது தெரியுமா? காய வறுத்து, மேலே மாம்பழச் சாறு ஊற்றி. இல்லையென்றால் பச்சையாகத் துண்டு போட்டு அவகாடோ பழத்தோடு. அந்த ஊரார் சாப்பிடும் மாஸ் ஹுனி, காலை உணவில் கடைசி மூலையில், ரொட்டி வகைகளுக்குப் பின்னால் ஒரு சிறு கிண்ணத்தில் இருந்தது. சூரையையும் தேங்காய்த் துருவலையும் வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சையோடு கையால் பிசைந்தது; ‘ரோஷி’ என்கிற மெல்லிய ரொட்டியோடு சாப்பிட வேண்டும். அன்று ரோஷி இல்லை. பக்கத்தில் வெள்ளை ரொட்டித் துண்டுகள் வைத்திருந்தார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. வெளிநாட்டவர் வருகிறார்கள், அவர்களுக்குத் தெரிந்த உணவு வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் ஒருவர் தன் வீட்டுச் சாப்பாட்டைப் பின்கட்டில் ஒளித்துவைத்துவிட்டு, கடையில் வாங்கியதை முன்னால் வைத்து உபசரித்தால் அந்த வீட்டுக்குப் போன திருப்தி எப்படி வரும்?

இரண்டாம் இரவு மகள் தன் பத்தாம் ஆண்டு மணநாளுக்காக, கடலுக்கு மேலே உள்ள தனி உணவகத்தில் இடம் பிடித்திருந்தாள். மருமகன் வேலை காரணமாக வர முடியவில்லை. அவர்தான் போகச் சொன்னார். ஏழு வகை, ஆளுக்கு 145 டாலர். 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்த்து, அந்தத் தொகையின் மேல் 17 சதவீதச் சுற்றுலா வரி போட்டால் 186 டாலர் 61 சென்ட். விலைப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் இதுதான் பொருள். 100 என்று எழுதியிருப்பது 128 டாலர் 70 சென்ட் ஆகும்.

அங்கே சாப்பாடு மோசம் என்று சொல்ல மாட்டேன். ஒரு சிப்பிச் சாறு வந்தது, இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் ஒரு வகைக்கும் அடுத்த வகைக்கும் நடுவே இருபத்தைந்து நிமிடம். நான்காவது தட்டு வருவதற்குள் பேத்தி என் மடியில் தூங்கிவிட்டாள். கரண்டியைக் கீழே வைத்தால் தட்டை எடுத்துவிடுகிறார்கள். நான் பேச்சுக்காக வைத்தேன், முடித்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மனப்பாடம் செய்த நீண்ட விளக்கம் ஆங்கிலத்தில் வந்தது. சொன்னவர் மகளின் கண்ணைப் பார்க்கவே இல்லை. அந்தச் சாறு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டதற்கு, அது அந்த அளவில்தான் என்றார்கள். சாப்பிடுகிறவர் கையை மறித்துப் போதும் என்று சொல்லும் வரை பரிமாறிப் பழகியவளுக்கு அந்தப் பதில் கசப்பாக இருந்தது. அதே பணத்தை மகள் வேறெதிலாவது செலவழித்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை, எய்தஃபுஷிப் பையனிடம் உங்கள் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டேன். ‘கருதியா’ என்கிற மீன் சாறு என்றார். அம்மா வைக்கும் கருதியா, சோறு, எலுமிச்சை, பச்சை மிளகாய், முருங்கைக் கீரை. சொல்லும்போதே அவர் குரல் மாறியது. ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில் கிடைக்குமா என்றேன். அங்கே விருந்தினர் போகக்கூடாது என்றார். சரி, இங்கே வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு உள்ளே போனார். தலைமைச் சமையற்காரர், நெடிய ஐரோப்பியர், தானே வெளியே வந்தார். நான் மீன் மெஸ் நடத்தியவள் என்று மகள் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் சூரையைப் பற்றித்தான் பேச்சு. நாங்கள் புளி போடுவோம் என்றேன். இவர்கள் போடமாட்டார்கள் என்றார். மாலையில் மீன்படகு வரும், இரவு செய்து தருகிறோம் என்று எழுந்து போனார்.

அன்று இரவு வந்தது ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தெளிந்த நீர்போன்ற சாறு. அடியில் சூரைத் துண்டுகள். மஞ்சள் கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது, தாளிப்பு கிடையாது. உப்பு நீரில் மீனைக் கொதிக்கவிட்டு, மேலே வரும் நுரையை ஓயாமல் எடுத்துக்கொண்டே இருந்தால்தான் அந்தத் தெளிவு வரும். அடுப்பை விட்டு ஒருவர் நகர்ந்தாலும் கலங்கிவிடும். வைத்தவர் உள்ளூர்ப் பெண்மணி. ஊழியர் சமையலறையில் வேலை செய்பவர். சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயை நசுக்கிப் போட்டுப் பிசைந்தேன். பக்கத்தில் நறுக்கிய வெங்காயம். இந்தியா 1981-ல் செய்த வர்த்தக ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் அந்த நாட்டுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி, முட்டை எல்லாம் அனுப்புகிறது; என் மாமனார் ஏற்றிப் போன சரக்கும் இப்படித்தான் ஏதோ ஒரு வீட்டுச் சோற்றுக்குப் பக்கத்தில் நறுக்கிக் கிடந்திருக்கும். கண் கலங்கியது. மிளகாயால் அல்ல.

அதே சாற்றை மணிக்கணக்கில் வற்றவைத்தால் ‘ரிஹாகுரு’ என்கிற கெட்டியான பழுப்பு விழுது வரும். ஒரு தேக்கரண்டி அதையும் ஓரத்தில் வைத்திருந்தார்கள். உப்பும் மீனும் சேர்ந்த அந்த ஆழமான ருசி, எங்கள் வீட்டு மாசிப் பானையைத் திறந்ததும் வரும் மணத்துக்கு உறவுக்காரன். நான் இரண்டாம் முறை சோறு கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் பையன் கொண்டுவந்து நின்றார். மூன்றாம் முறை நான் கையை மறித்தேன்.

சமைத்த பெண்மணியைப் பார்க்க வேண்டும் என்றேன். வெட்கத்தோடு கதவருகே வந்து நின்றார். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. நுரை எடுப்பதுபோல் கையை அசைத்துக் காட்டினேன். சிரித்து, அவரும் அதே அசைவைச் செய்து காட்டினார்.

மறுநாள் காலை ஹனிஃபாரு வளைகுடாவுக்குத் திருக்கை பார்க்க மகளும் பேத்தியும் போனார்கள். பா அட்டோல் 2011 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். அங்கே ஆக்சிஜன் உருளையோடு முக்குளிக்க அனுமதியில்லை, மிதந்து பார்க்க மட்டும், அதுவும் 45 நிமிடம். கூட்டிப்போன வழிகாட்டி பேத்தியின் கையை ஒரு கணமும் விடவில்லை. பேத்தி திரும்பி வந்து, “ஆச்சி, திருக்கை நம்ம வீட்டு வாசல் கதவைவிடப் பெரிசு” என்றாள். அதற்குக் கொடுத்த பணம் முழுவதும் தகும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காலையும் இரவும் சாப்பாடு சேர்ந்த திட்டத்தில் ஓர் இரவுக்கு 780 டாலர். கடல் விமானம் தனி. பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். 2025 ஜனவரிக்கு முன் அது 6 ஆக இருந்தது. மூவருக்கு நான்கு இரவுக்கு 144 டாலர் ஆனது. மதியச் சாப்பாடு திட்டத்தில் இல்லை. ஒரு சாண்ட்விச் 32 டாலர், வரியோடு 41. மூன்று பேர் நான்கு மதியம் சாப்பிட்டதை மகள் கூட்டிப் பார்த்தபோது, மூன்று வேளையும் சேர்ந்த திட்டமே மலிவாக வந்திருக்கும் என்று தெரிந்தது. குழந்தையோடு போகிறவர்கள் பதிவு செய்யும்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த 10 சதவீதச் சேவைக் கட்டணம் சட்டப்படி ஊழியர்களுக்குப் பிரித்துத் தரவேண்டிய பணம். பையனிடம் கேட்டேன்; மாதாமாதம் வருகிறது, மழைக் காலத்தில் குறைவாக வரும் என்றார். அதைக் கேட்ட பிறகு அந்த ஒரு வரியை மட்டும் நான் மனம் கோணாமல் பார்த்தேன்.

இன்னொரு குறை, நேரம். பல ரிசார்ட்டுகள் தங்கள் தீவுக்கென்று மாலே நேரத்தைவிட ஒரு மணி முன்னால் கடிகாரத்தை வைத்துக்கொள்கின்றன. விருந்தினருக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக. எங்கள் தீவும் அப்படித்தான். புறப்படும் நாளுக்கான தகவல் தாளில் விமானத்தின் நேரம் மாலே நேரத்தில் எழுதியிருந்தது. எந்த நேரம் என்று குறிப்பிடவில்லை. நாங்கள் பெட்டி படுக்கையோடு ஒரு மணி நேரம் முன்பே படகுத்துறையில் போய் உட்கார்ந்தோம். மழை வேறு. மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் இது வருகிற எல்லாருக்கும் நடக்கக்கூடியது. ஒரு சொல் சேர்த்து எழுதினால் தீர்ந்துபோகும்.

அப்போது எய்தஃபுஷிப் பையன் மழையில் குடையோடு வந்தார். அன்று காலை அவருக்கு வேலை இல்லை, சாதாரணச் சட்டையில் இருந்தார். கையில் என் வெந்நீர்க் குடுவை, ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் சூடான ரோஷியும் மாஸ் ஹுனியும். பேத்தி படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து நான்கு ரோஷி சாப்பிட்டாள்.

இந்தத் தீவுக்கோ இதுபோன்ற வேறு தீவுக்கோ போகிறவர்கள் கருதியா கேளுங்கள். பட்டியலில் இருக்காது. பரிமாறுகிறவரிடம் அவர் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டுத் தொடங்குங்கள், பிறகு சமையலறைக்குச் சொல்லச் சொல்லுங்கள். காலையிலேயே சொல்லிவிட வேண்டும். மீன்படகு வருவது மாலையில்.